மீனின் பக்கமிருந்து பார்த்தால்

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா, புட்டியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்களா?

இங்கே எங்கள் தூண்டில் கம்பெனியில், முள்ளுக்கு மேலே கட்டும் நைலான் நரம்பு மீனுக்குத் தெரியவே தெரியாது என்று விற்பனை அட்டையில் அச்சிட, ஒளியியல் படித்தவள் என்று என் கையெழுத்தைக் கேட்டார்கள். எல்லோரும் சோதனைத் தொட்டியை மேலிருந்தே பார்த்திருந்தார்கள். நான் அந்தக் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே நரம்பு கருங்கோடாகத் தெரிந்தது.

“அம்மா, விழுந்துட்டீங்களா?” என்று மேலாளர் ஓடிவந்தார்.

“நீங்களும் படுங்க தம்பி. மீன் மேலேருந்தா பாக்குது?”

படுத்தார். எழுந்ததும் அட்டை வாசகத்தைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். பெருமை பீற்றிக்கொள்ள இங்கே ஆளில்லை, அதனால்தான் உங்களிடம்.

கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். முகவரியை நீங்களே எழுதுங்கள். உங்கள் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நான்கு மாதமாகிறது. தபால்காரர் வந்துவிட்டார்.

கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடாத,
உங்கள் மனைவி