மூன்று கால் மாடு

டீச்சர்,

இன்று காலை அடுப்பில் மைதா பசை கிளறிக்கொண்டிருந்தேன். மாவு வெந்து பளபளக்கும் நேரத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தத்தைப் பொடித்துத் தூவினேன். பசையில் லேசாக நீலம் படர்ந்து, ஈரச் செம்புப் பாத்திரத்தின் வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் நீங்கள் என் சமையலறை வாசலில் வந்து நிற்பீர்கள். பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நின்றது என் மருமகள் மாலதி.

"அத்தை, அந்தக் கிண்ணத்தைத் தப்பித்தவறி சிங்க்ல போட்டுடாதீங்க" என்றாள். மயில்துத்தம் விஷமல்லவா? அதனால் பசைக் கிண்ணத்தின் பிடியில் அவள் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். போகத் திரும்பியவள் மறுபடி நின்று, "இந்த வருஷமும் உண்டா?" என்று கேட்டாள்.

உண்டு என்றேன்.

அவள் ஏன் தயங்கிக் கேட்டாள் என்று உங்களுக்குப் புரியும். நீங்கள் ஆடி மாதம் போய்விட்டீர்கள். மன்னார்புரத்தில் உங்கள் வீட்டில் இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கிடையாது. வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. நாம் இருவரும் உட்கார்ந்து செய்த வாழ்த்து அட்டைகளும் அதோடு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிற்காது. அதை முதலில் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது தொடங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தென்னூர் பள்ளிக்கூடத்தில் நீங்கள் அறிவியல், நான் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் போனில் பனித்துளி விழுந்த ஒரு ரோஜாப் படம் வந்தது. உங்கள் தம்பி அனுப்பியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதே ரோஜா, அதே பனித்துளி, கேஸ் ஏஜென்சியிலிருந்தும் வந்தது. நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "எனக்கும் சிலிண்டருக்கும் ஒரே வாழ்த்தா டீச்சர்?" என்றீர்கள். அடுத்த வாரமே நம் இரண்டு பேர் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது.

சாயம் வாங்க வேண்டாம் என்றீர்கள். காய்ந்த வாழைப்பட்டையில் இல்லாத நிறமா என்று கேட்டீர்கள். ஜீயபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், ஒரு தோட்டக்காரரிடம் மரத்தைச் சுற்றிக் காய்ந்து தொங்கும் பட்டையைக் கேட்டோம். "பூ கட்டவா?" என்றார் அவர். "இல்லீங்க, மாடு செய்ய" என்றீர்கள் நீங்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டிய மட்டும் உரித்துக்கொள்ளச் சொல்லித் தள்ளி நின்றுகொண்டார். வெயிலில் காய்ந்தது தேன் நிறம். நிழலில் காய்ந்தது காப்பிப்பொடி நிறம். மழையில் நனைந்து காய்ந்ததில் கறுப்பு ஓடியிருந்தது. துணியைப் போட்டு இஸ்திரி செய்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, கனமான எதையாவது ஏற்றி வைத்தால் பட்டை காகிதம் போலப் படிந்துவிடும். நான் அரிசி டப்பாவை ஏற்றினேன். நீங்கள் உங்கள் வீட்டுக் கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சார் தூங்குகிற நேரமும் வீணாகக் கூடாது என்பது உங்கள் கணக்கு.

மயில்துத்தம் பிறகு வந்தது. முதல் ஆண்டு வெறும் கஞ்சிப் பசையில் ஒட்டினோம். கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் பொங்கலுக்குப் பிறகு உங்களைப் பார்த்து, மாதா இருக்காங்க, சூசையப்பர் இருக்காரு, பாலனைத்தான் கரப்பான் தின்னுடுச்சு என்றாராம். நீங்கள் அதை என்னிடம் சொல்லிச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது.

மாடுகளும் தப்பில் பிறந்தவைதான். பாலனைப் பார்க்க மூன்று ஞானிகள் ஒட்டகத்தில் வருவதாக நீங்கள் வரைந்து கொடுத்தீர்கள். நான் வெட்டினேன். வெட்டி முடித்தபோது திமிலும் கொம்புமாக நம்மூர் மாடுகள் நின்றன. காதை நான் கொஞ்சம் நீளமாக விட்டதில் வந்த வினை. நீங்கள் கையில் எடுத்து, தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "திருச்சிக்கு வர்றவங்க மாட்டுவண்டியிலதான் வரணும். ஒட்டுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து நம் அட்டைகளில் கிறிஸ்துமஸுக்கும் மாடு, பொங்கலுக்கும் மாடு. ரம்ஜானுக்கு மட்டும் பிறை. அதன் அடியிலும் ஒரு கன்றுக்குட்டியை நுழைக்கப் பார்த்தீர்கள். நான்தான் தடுத்தேன்.

வெளியே எதை ஒட்டினாலும் உள்ளே எழுத உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. 'இனிய' என்று தொடங்கும் எந்த வரியும் கூடாது. அந்த அட்டை யாருக்குப் போகிறதோ அவருக்கு மட்டும் பொருந்தும் ஒன்றைத்தான் எழுத வேண்டும். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். நம் பள்ளி வாட்ச்மேனுக்கு, "நீங்கள் மணி அடித்த காலத்தில் ஒரு நாளும் கடைசி வகுப்பு நீண்டதில்லை" என்று எழுதினீர்கள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

இதையெல்லாம் சுகமான பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் வீட்டுக்காரர் போகும்வரை. அவர் ஐப்பசியில் போனார். அந்த ஆண்டு எங்களுக்குப் பொங்கல் இல்லை. மார்கழி பிறந்து, ஸ்ரீரங்கத்துத் தெருவெல்லாம் விடியலில் கோலமாக இருந்தபோது எங்கள் வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்திருந்தது. நீங்கள் ஒரு பை நிறையப் பட்டையோடு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினீர்கள். நான் இந்த வருஷம் வேண்டாமே என்றேன். "ஏன், உங்க பிள்ளைங்க யாரும் இந்த வருஷம் பொங்கல் கொண்டாடலையா?" என்றீர்கள். நம் பிள்ளைகள் என்றால் நாம் பாடம் நடத்திய பிள்ளைகள். கொண்டாடுவார்கள்தான் என்றேன். கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினீர்கள்.

என் பெரிய நாத்தனார் அந்த நேரத்தில் உள்ளே வந்தார். தம்பியைப் பறிகொடுத்த துக்கம் அவருக்கும் இருந்தது. மேசையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது? பண்டிகை இல்லாத வீட்டுல உக்காந்து வாழ்த்து ஒட்டிக்கிட்டு. அதுவும் உன் கையால. வாங்குறவங்க என்ன நெனப்பாங்க?"

உன் கையால என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நீங்கள் நிமிரவில்லை. பட்டையை வெட்டிக்கொண்டே, மரியாதை குறையாமல் சொன்னீர்கள்.

"உங்க வீட்டு விளக்கை அணைச்சு வைங்கம்மா, அது உங்க வழக்கம். ஊர்ல இருக்கிற விளக்கை ஏன் அணைக்கச் சொல்றீங்க? இது எத்தனையோ பிள்ளைங்க கையைப் பிடிச்சு எழுத வச்ச கை. இந்தக் கைக்கு என்ன குறை?"

நாத்தனார் போகவில்லை. மேசைப் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, தோற்றுப்போக மனசில்லாத குரலில், "இந்த மாட்டுக்கு மூணு காலுதான் இருக்கு" என்றார்.

"நாலாவது காலு அந்தப் பக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது" என்றீர்கள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். நான் கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்த ஆண்டு அட்டைகள் எல்லாம் என் கையால்தான் தபால்பெட்டியில் விழுந்தன.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த ஆண்டு பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த தென்னூர் வீடு ஒன்றில் அட்டையை வாங்கவில்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த உறையைப் பார்த்து நான் அழுதேன். நீங்கள் அழவிடவில்லை. "அடுத்த வருஷம் முதல் அட்டை இவங்களுக்குத்தான்" என்றீர்கள். அப்படியே செய்தோம். மறு ஆண்டு அட்டை திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. இன்றுவரை அந்த வீட்டிலிருந்து ஒரு வரி வந்ததில்லை. இன்றுவரை முதல் அட்டை அங்கேதான் போகிறது.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் சென்னையிலிருந்து உங்கள் மகன் பேசினான். "ஆன்ட்டி, இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்ல. அப்பா சரியாவே பேசறதில்ல. கார்டு எதுவும் அனுப்பிடாதீங்க, அதைப் பார்த்தா தாங்க மாட்டாரு" என்றான். நல்ல பிள்ளை. அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறான். நான் அவனோடு வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு யோசித்தேன். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு குடம் பிடித்துத் தருகிறேன் என்பார்கள். உங்களுக்குத்தான் தண்ணீர் இல்லையே, குடத்தைக் கவிழ்த்து வையுங்கள் என்று யாராவது சொல்வார்களா? துக்கத்தில் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

சாருக்கு ஓர் அட்டை செய்தேன். நட்சத்திரம் வைக்கவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தை மீற எனக்கு உரிமை இல்லை. ஒரு மாடும் ஒரு வாசலும் மட்டும் ஒட்டினேன். உள்ளே, "பலகாரம் எதுவும் செய்ய வேண்டாம் சார். கிறிஸ்துமஸ் மத்தியானம் நான் கொண்டு வருகிறேன். கதவு திறந்திருக்கட்டும்" என்று எழுதினேன். தபாலில் போட மனம் வரவில்லை. திருப்பிக் கொடுப்பதானால் என் கையில் கொடுக்கட்டும் என்று, நேற்று முன்தினம் நானே எடுத்துக்கொண்டு மன்னார்புரம் போனேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு நட்சத்திரம். உங்கள் வாசலில் கொக்கி மட்டும் இருந்தது.

சார் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம். அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடு நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு உள்ளே போனவர், அங்கிருந்தே கூப்பிட்டார். "டீச்சர், கொஞ்சம் வாங்க. இந்த மெத்தையை அந்தப் பக்கம் புடிங்க."

இருவருமாகத் தூக்கினோம். அடியில் செய்தித்தாள்கள். அவற்றுக்கு நடுவே நீங்கள் வைகாசியில் ஜீயபுரத்திலிருந்து கொண்டுவந்து வைத்த பட்டைகள், தேன் நிறத்தில், ஒரு சுருக்கமில்லாமல் படிந்து கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

"உடைஞ்சிடுமேன்னு பொரண்டுகூடப் படுக்கல" என்றார் சார். "எடுக்கவும் மனசு வரல. யாராவது வந்து கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். யாரும் கேக்கல. எல்லாரும் வேணாம் வேணாம்னுதான் சொல்றாங்க."

நான் பட்டைகளை அடுக்கிப் பையில் வைத்தேன். வாசல்வரை வந்தவர், "அவனுக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க" என்றார். உங்கள் மகனைச் சொல்கிறார். அவன் வேண்டாம் என்றானே சார் என்றேன்.

"வேணாம்னு சொல்றவங்களுக்குத்தானே டீச்சர் மொத அட்டை? அவ வச்ச சட்டம்."

அதனால் இந்த ஆண்டு தென்னூர் வீட்டுக்கு இரண்டாவது இடம். அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பசை ஆறிவிட்டது. மேசையில் உங்கள் பட்டை விரித்திருக்கிறது. உங்கள் மகனுக்கான மாட்டை வெட்டி ஒட்டிவிட்டேன். உள்ளே என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை: "இந்த மாடு உன் அம்மா கொண்டுவந்த பட்டை. இது உடையக் கூடாது என்று உன் அப்பா ஆடியிலிருந்து அசையாமல் படுத்திருந்தார்."

மாலதி வந்து பார்த்துவிட்டு, "அத்தை, ஒரு காலு குறையுதே" என்றாள்.

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் பழக்கம் என்னிடம் இப்போது இல்லை, டீச்சர். நிமிராமலே அவளுக்குப் பதில் சொன்னேன்.

"அந்தப் பக்கம் இருக்கு."