மூன்றாம் குளியலறை வடிகால் அடைப்புக்காக என் மகனின் பின்னலை வெட்டச் சொன்ன உத்தரவு குறித்து

அனுப்புநர்:
மார்த்தா லூசிலா பெருகாச்சி,
மருந்தாளுநர்,
பெகுச்சே, ஒத்தவாலோ.

பெறுநர்:
மாணவர் விடுதிகள் மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
கீட்டோ.

பொருள்: லாஸ் ரெத்தாமாஸ் மாணவர் இல்லம் – இரண்டாம் தளக் குளியலறை அடைப்பு – என் மகன் சைரி முவெனாலா முடி வெட்ட விதித்த கெடு நாளை மாலை ஐந்து மணிக்கு முடிவது – அதற்குள் நிறுத்திவைக்கக் கோருவது.

பார்வை: விடுதிக் காப்பாளரின் 08.05.2023 தேதியிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் சைரி இவ்விடுதியில் இரண்டு ஆண்டுகளாகத் தங்கி, வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் ஒத்தவாலோ பழங்குடி இனத்து ஆண்களைப் போலவே தலைமுடியை வெட்டாமல் ஒற்றைப் பின்னலாக இட்டிருக்கிறான். இடுப்பு வரை வரும். இருபது வயது வரை அதில் கத்தரி பட்டதில்லை.

2. நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடியைச் சட்டைக் காலர் அளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லையேல் அறையைக் காலி செய்ய வேண்டும் என்கிறது அறிவிப்பு. குளியலறை வடிகால் அவன் முடியால் அடைபடுவதே அதில் சொல்லப்பட்ட ஒரே காரணம். தேர்வுகள் 29ஆம் தேதி தொடங்குகின்றன. கீட்டோவில் எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை.

3. அறிவிப்புக்கு முன் நடந்த ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். மே 3ஆம் தேதி மூன்றாம் குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. டார்வின் அல்சிவார் என்ற மாணவர் அதில் நின்றபடி, மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் ஷவரைத் திருப்பக் கை நீட்டியபோது மின்சாரம் தாக்கி விழுந்தார். தாடையில் ஐந்து தையல். அதற்கு முன்பே பலருக்கு அங்கே லேசாக மின்சாரம் பட்டுக் கை சுண்டியிருக்கிறது. கேலி பேசிச் சிரித்திருக்கிறார்கள். ஐந்து நாள் கழித்து வந்த அறிவிப்பில் ஷவரின் மின்கம்பி பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதே ஷவர் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

4. கடந்த ஞாயிறு அன்னையர் தினம். படிப்பை விட்டு அவனால் ஊருக்கு வர முடியாததால், வறுத்த சோளம் எடுத்துக்கொண்டு நான் போனேன். துப்புரவுப் பணியாளர் திருமதி டிலியாவின் அனுமதியோடு அந்த வடிகாலைப் பார்த்தேன். அதன் வாயில் சல்லடை இல்லை. கேட்டதற்கு அவர் சொன்னது: "ஜனவரியில நான்தாம்மா கழட்டுனேன். தண்ணி மெதுவா போகுது, எடுத்துப் போடுன்னு காப்பாளர் சார் சொன்னாரு. மறுநாளே சரசரன்னு இறங்குச்சு. பசங்க எல்லாம் 'டிலியாக்கா வாழ்க'ன்னு கோஷம் போட்டாங்க." அதுவரை முடி சல்லடை மேல் நின்றிருக்கிறது, அவர் தினமும் கையால் எடுத்திருக்கிறார். பிறகு எல்லாம் உள்ளே போனது. அதைக் கரைக்க வாரம் ஒரு முறை காஸ்டிக் சோடா கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். நீர் ஓடாத குழாயில் அது சோப்போடு சேர்ந்து கல்லாக இறுகும். தேங்கிய நீரில் நிற்பவர் காலையும் பொசுக்கும். இதை மருந்தாளுநராகச் சொல்கிறேன். திருமதி டிலியா மீது நடவடிக்கை கோரவில்லை. சொன்னதைச் செய்தார்.

5. வளைத்த கம்பியை விட்டு அடைப்பை நானே வெளியே இழுத்தேன். முழங்கை நீளம் இருந்தது. செய்தித்தாளில் பரப்பிப் பிரித்தேன். பெரும்பகுதி விரல் நீளம்கூட இல்லாத குட்டை முடி, தாடி மயிர். அத்தளத்தில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். ஆனால் நீண்ட முடியும் அதில் இருந்தது. அது என் மகனுடையது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

6. அது எப்படி அங்கே வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நீண்ட முடியுள்ளவர்கள் ஐந்து பேர், குளியலறை ஒன்று. பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் அடைத்ததில்லை. தலை நனைப்பதற்கு முன் வெளியே அமர்ந்து உலர்ந்த முடியைச் சீவிவிடுவோம். உதிர வேண்டியது சீப்போடு வந்துவிடும். அதைச் சுருட்டித் துணிப்பையில் வைப்போம். கால்படும் இடத்தில் முடியை விடுவது எங்களிடம் வழக்கமில்லை. மிஞ்சுவதைச் சல்லடை பிடிக்கும், கடைசியாகக் குளிப்பவர் எடுத்துவிடுவார். சைரியும் முதல் ஆண்டு விடுதி நடைபாதையின் ஜன்னலோரம் அப்படித்தான் சீவினான். பிறகு நிறுத்திவிட்டான். காரணம், தினமும் காலையில் சக மாணவர்களிடமிருந்து கேட்ட இந்தக் குரல்: "என்னடி கல்யாணப்பொண்ணே, சிங்காரம் முடிஞ்சுதா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எவ்வளவு நேரமாச்சு!" அவன் மூன்றாம் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் நின்று சீவத் தொடங்கினான்.

7. இதில் என் பங்கும் உண்டு. சென்ற ஆண்டே தொலைபேசியில் இதை என்னிடம் சொன்னான். "உள்ளேயே சீவிக்கோப்பா, நமக்கு எதுக்கு வம்பு" என்றேன். வேலைக்கு என் இனத்து உடையில்தான் வருவேன் என்று மேலதிகாரிகளிடம் வாதாடியவள் நான். மகனை மட்டும் ஒளிந்துகொள்ளச் சொன்னேன்.

8. திங்களன்று அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தோடு காப்பாளர் திரு. நெப்தலி செவாயோஸைச் சந்தித்தேன். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "இத பாருங்கம்மா, முப்பது பேருக்கும் சேத்து நான் பதில் சொல்லணும். ஒரு தலை குறைஞ்சா எனக்கு ஒரு தலைவலி குறையும்" என்றார். தாடி வைத்தவர்களுக்கும் அறிவிப்பு போனதா என்றேன். தன் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். மின்கம்பி பற்றிக் கேட்டதற்கு "ஃபைல் மேல போயிருக்கு" என்றார். அந்த ஃபைல் தங்களிடம் வந்ததா என்பது எனக்குத் தெரியாது.

9. அடைப்பை எடுத்த ஞாயிறு முதல் இன்று வரை நான்கு நாட்களாக அந்த வடிகாலில் தண்ணீர் தேங்கவில்லை. என் மகனின் முடி அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, அறிவிப்பைத் தாங்கள் இன்றே நிறுத்திவைக்க வேண்டும். மின்பணியாளர் வந்து எர்த் கம்பியைச் சோதிக்கும் வரை அத்தளத்தில் சுடுநீர் ஷவர்களுக்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் குளித்து யாரும் தையல் போட்டுக்கொண்டதில்லை. சிறு கண் சல்லடையை எல்லா வடிகாலிலும் திருகி மாட்டி, குளிப்பவரே அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முப்பத்தொரு பேருக்கும் ஒரே விதியாக எழுத வேண்டும். நடைபாதையில் ஒரு கண்ணாடியும் பெஞ்சும் குப்பைக்கூடையும் போதும்: தலை சீவுகிறவர்களும் தாடி கத்தரிக்கிறவர்களும் அங்கே உட்காரலாம். அங்கே உட்காருபவனை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் காப்பாளரின் வேலையே என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இவ்வளவு அவசரம் காட்டுவதற்கு மன்னிக்க வேண்டும். நேற்று மாலை சைரி என்னை அழைத்தான். "அம்மா, பக்கத்து ரூம்ல கத்தரி வாங்கி வச்சுட்டேன். முடி திரும்ப வளரும்மா. இந்த இடம் போனா திரும்பக் கிடைக்காது. நீ அலையாத" என்றான். அவன் மறுத்திருந்தால் வழக்கறிஞரைத் தேடிப் போயிருப்பேன்; அறை போனாலும் வாதாடித் திரும்பப் பெற நாள் இருந்திருக்கும். அவன் சம்மதித்துவிட்டான் ஐயா. அதனால்தான் உங்களிடம் வந்தேன். தங்கள் கையெழுத்திட்ட பதில் கிடைக்கும் வரை இந்த அலுவலக வராந்தாவில்தான் இருப்பேன்.

இடம்: கீட்டோ
நாள்: 18.05.2023, வியாழன்

பணிவுடன்,
(ஒப்பம்)
மார்த்தா லூசிலா பெருகாச்சி

இணைப்பு: அறிவிப்பின் நகல், செய்தித்தாள் பொட்டலம் ஒன்று. தயவுசெய்து பிரித்துப் பார்க்கவும்.