சாய்தளத்துக்குப் பூட்டு

அண்ணா,

மைதானத்தில் பார்வையாளர் மேடைக்கு ஏறக் கட்டிய புதுச் சாய்தளத்தை, "என் தங்கைதான் திறந்து வைக்கணும்" என்று அடம்பிடித்தாய். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் புல்மேட்டோடு வளைந்து போகிறது, அழகுதான். மைதானக் கமிட்டித் தலைவராக என் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டாய்.

நேற்று உன் மகள் விளையாடுவதைப் பார்க்க வந்தேன். சாய்தளத்தின் கதவு பூட்டியிருந்தது.

"பசங்க சைக்கிள் ஓட்டி அழுக்காக்குறாங்கன்னு தலைவர்தான் பூட்டச் சொன்னாரும்மா," என்றார் காவலாளி.

யாரோ இரண்டு பேர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மூட்டை மாதிரி தூக்கிப் படியேற்றினார்கள். விலகிய புடவையைச் சரிசெய்யக்கூட முடியவில்லை. நீ மேலே நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா" என்றாய்.

சமாதானம் பேச வீட்டுக்கு வராதே. அடுத்த ஆட்டத்துக்கும் வருவேன். பூட்டியிருந்தால் அந்தக் கதவடியிலேயே இருப்பேன். கேட்கிறவர்களிடமெல்லாம் நான் யாருடைய தங்கை என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்