'டிமைஸ்' ஆனது கடை, நானல்ல

அனுப்புநர்
தையற்கடைக்காரர்,
மாடிப்படிக்குக் கீழ்க் கடை,
சந்தைத் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: 'டிமைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் படித்து என் கடைக்குச் சீல் வைத்தது – என்னை மீண்டும் உயிருள்ளவராகப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடை உரிமத்தைப் புதுப்பிக்க, குத்தகைப் பத்திரத்தின் நகலைச் சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். கடை எனக்கு 'டிமைஸ்' செய்யப்பட்டதாக அதில் இருக்கிறது. உரிமப் பிரிவு எழுத்தர் அச்சொல்லுக்கு மரணம் என்ற பொருளை மட்டுமே அறிந்தவர். என் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதி உரிமத்தை ரத்து செய்துவிட்டார்.

2. நேற்று காலை நான் நூல்கண்டு வாங்கப் போன நேரத்தில் கடைக்குச் சீல் வைத்து, இரங்கல் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் திரும்புவதற்குள் தெருவே வீட்டு வாசலில் கூடிவிட்டது. இருபத்தாறு ஆண்டுகளில் எனக்காக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பொய் சொல்வானேன், உள்ளம் குளிர்ந்தது. என்னைக் கண்டதும் அந்த அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது.

3. பத்திரம் எழுதிய வக்கீலிடம் ஓடினேன். அவர் தடித்த அகராதியைப் பிரித்துக் காட்டினார். அச்சொல், 'அனுப்பிவிடு' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையில் பிறந்ததாம். சட்டத்தில் அதற்கு, சொத்தைக் குத்தகையாகவோ உயில் வழியாகவோ கைமாற்றுவது என்று பொருள். ராஜா இறந்து ஆட்சி வாரிசுக்குக் கைமாறுவதையும் பிறகு அப்படியே சொன்னார்களாம். நாளடைவில் கைமாற்றம் கழன்றுபோய்ச் சாவு மட்டும் ஒட்டிக்கொண்டது. ராஜாவுக்கு வந்த சொல் பத்துக்கு எட்டடிக் கடைக்காரன் தலையில் விழுந்திருக்கிறது. சாவு என்றே படித்தாலும், அந்த வரியில் செத்தது கடைதான்.

4. இதை எழுத்தரிடம் நேரில் நின்று சொன்னேன். "ஃபைல்ல வேற மாதிரி இருக்கே சார். வீட்டுக்காரம்மாவ வாரிசுச் சான்றிதழோட வரச் சொல்லுங்க," என்றார். என்னிடமே சொன்னார், ஐயா.

5. கடைக்குள் பதினேழு பள்ளிச் சீருடைகள் பட்டன் தைக்காமல் கிடக்கின்றன. திங்களன்று பள்ளி திறக்கிறது. பெற்றோர்கள், செத்தவன் என்றும் பாராமல் திட்டுகிறார்கள்.

ஆகவே சீலை அகற்றி, உரிமத்தை என் பெயரிலேயே புதுப்பித்துத் தரவும். நான் உயிருடன் இருப்பதாக ஒரு வரி எழுதி முத்திரையிட்டும் தரவும். அந்த வரி தமிழில் இருக்கட்டும். "உசுரோட இருக்கீங்கன்னு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் சோறு போடறேன்," என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மதியத்துக்குள் கிடைத்தால் நல்லது, ஐயா. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நாள்: ஜூன் 6
இடம்: சீல் வைத்த கடையின் வாசல்

இப்படிக்கு,
உயிருடன், தன் கைப்பட,
தையற்கடைக்காரர்