முத்திரையில்லாத கோழிப் பெட்டி

ஜூலை 10, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. தென்னோலை ஒன்று முறிந்து கோழிக்கூட்டின் மேல். தண்ணீர் மோட்டார் பழுது. மெக்கானிக் நாளை வருவானாம். அவனுடைய நாளை எப்படியும் திங்களாகிவிடும்.

லீவில் வந்து இவ்வளவு நாளாகியும் வேலை செய்கிற வெளிநாட்டுப் படை முகாமில் படுத்திருக்கிற மாதிரியே விழிப்பு வருகிறது. முதல் வேலை கட்டிலுக்குக் கீழே கால் விட்டுச் செருப்புத் தேடுவது. அங்கே சைரன் அடித்தால் பங்கருக்கு ஓட வேண்டும், அந்தப் பழக்கம். மனைவி ரிஸானா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அவளுடைய மூத்த சகோதரன் இம்தியாஸ் நானா புதன்கிழமை மக்காவுக்கு உம்ராவுக்குப் போகிறார். திங்கள் பகல் விருந்து, எங்கள் வீட்டில். சமையல் என் தலையில்.

"பட்டாளத்துக்கே ஆக்கிப் போட்ட மனிசனுக்கு நம்மட குடும்பம் ஒரு கதையா?" ரிஸானா.

சமைப்பதில் எனக்கென்ன. கோழியையும் நானே அறுக்கவேண்டுமாம். "நீங்க பேணுதலான ஆள் மச்சான், உங்கட கையால அறுத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றார் இம்தியாஸ். கையில் வெட்டுக்காயம் என்று சொல்லிவைத்தேன். அவர் போனபின் ரிஸானா, "எந்தக் கையில?" கொஞ்சம் யோசித்துத்தான் இடது என்றேன்.

வாங்க: கீரிச் சம்பா அரிசி, கஜுப் பருப்பு, ரம்பை இலை, பட்டர். மோட்டார் வால்வு, மதுரங்குளியில் கேட்டுப் பார்க்க.

ஜூலை 11, வெள்ளி

காற்று குறையவில்லை. வால்வு இல்லையாம், சிலாபத்திலிருந்து வரவேண்டுமாம்.

ஜும்ஆவில், நான் வேலை பார்க்கிற அந்த நாட்டுச் சனங்களுக்காக துஆ. துஆ ஓதின ஹஸ்ரத்துக்குக் குரல் உடைந்துவிட்டது. பள்ளி முழுக்க ஆமீன். நானும் ஆமீன் சொன்னேன், எல்லாரையும் விடச் சத்தமாக. அந்தச் சனங்களின் வீடுகளை இடித்த படைக்குத்தான் இரண்டு வருடமாகச் சாப்பாடு ஆக்குகிறேன். கொம்பனி வேலை, துவக்குத் தூக்குகிற வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

வெளியே வர, அரிசிக் கடை ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்கத்தையச் சனத்துக்குச் சோறாக்கிக் குடுத்த கை இது" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினார். ரிஸானா அப்படித்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முகாமில் கூலிவேலைக்கு வருகிற உள்ளூர் ஆட்களுக்கும் நான்தான் ஆக்கிப்போட்டேன். அதுதான் பெரிய வெட்கம். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் யூனுஸ் பேசி அனுப்பிய குரல். முகாமில் மண்மூட்டை அடுக்குகிற உள்ளூர்க் கூலிகளில் மூத்தவன். அரபில் பேசுவான், சவூதியில் சமையல்காரனாக இருந்த காலத்துப் பழக்கத்தில் எனக்கு விளங்கும்.

"நவாஸ், எப்போது வருகிறாய்? நீ போனதிலிருந்து நாங்கள் ரொட்டியும் தேத்தண்ணீரும்தான். புதுச் சமையல்காரனிடம் ஹலாலா என்று கேட்டால் தெரியாது என்கிறான்."

பகல் சோற்றைப் பாதியில் விட்டேன். சூடு என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

ஜூலை 12, சனி

மாம்புரிக்குப் போய் பீட்ரூட், மிளகாய், கொஞ்சம் பாரை மீன். மின்சாரக் காற்றாடிகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் பைக்கை நிறுத்தி வானத்தைப் பார்த்தேன். ட்ரோன் இல்லை, காற்றாடிதான். மரக்கறிக்காரி, "என்னத்த தேடுறீங்க?" என்றாள். மழை என்றேன். ஜூலையில் மழையாம்.

எழுதிவிட வேண்டும். வேறெங்கும் சொல்ல முடியாததை இங்கேயாவது.

கூலிகளை கேற்றில் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். வெளிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது, வெடி வைத்திருப்பார்கள் என்ற பயம். ஆகவே பகலில் முகாமில் போடுவதைத்தான் தின்னவேண்டும். முதல் நாளே யூனுஸ் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டான், "நீ முஸ்லிமா? இது ஹலாலா?" ஓம் என்றேன். அப்போது அது உண்மை. பெட்டியில் ஹலால் முத்திரை இருந்தது.

பிறகு முகாமுக்குச் சாமான் வருகிற பாதையைப் பூட்டினார்கள். கோழி வேறெங்கிருந்தோ வந்தது. பெட்டியில் முத்திரை இல்லை. மனேஜரிடம் கேட்டேன். "கோழி கோழிதானே. நீ சொன்னால் தின்பார்கள்" என்றார். நான் சொன்னேன். ஒவ்வொரு பகலும் யூனுஸ் கேட்பான், ஒவ்வொரு பகலும் ஓம்.

நான் அந்தக் கோழியைத் தொடவில்லை. பருப்பு, முட்டை, இடித்த மிளகாய்ச் சம்பல். ஏன் இறைச்சி எடுப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு வயிற்றுப்புண் என்றேன். என் வயிற்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். இதை எழுதும்போதே பேனையை எறியலாம் போல இருக்கிறது.

பின்னேரம் மனேஜர் போன் எடுத்தார். திரும்பி வருகிறேனா இல்லையா, செவ்வாய்க்குள் சொல்லவேண்டும். முத்திரைப் பெட்டி வருமா, இல்லாவிட்டால் கூலிகளுக்கு முட்டையாவது கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"நீ வந்தால் அந்தப் பிரச்சினையே இல்லையே. உன் பேச்சைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்."

என் சமையலுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மடையன்.

ஜூலை 13, ஞாயிறு

மோட்டார் அப்படியே. கிணற்றில் அள்ளி இடுப்பு வலி. வெங்காயம் உரித்தாயிற்று, கஜு ஊறுகிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு இம்தியாஸ் வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசமுமாக வந்தார். உம்ராவுக்கு முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்கிறார். முன் வீட்டோடு வேலித் தகராறு, கதைபேச்சே இல்லாத ஆட்கள், அங்கேயும் போய்விட்டுத்தான் வந்தாராம். என் இரண்டு கையையும் பிடித்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழ செஞ்சிருந்தா மாப்புத் தாங்க மச்சான்."

"தந்தேன். நீங்களும் தாங்க."

அவரும் தந்தேன் என்றார். ஊரெல்லாம் சொல்கிற சொல். எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, யூனுஸ், பருப்பு, முட்டை.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். "யுத்த காலம் தானே. நிர்ப்பந்தம் எண்டா ஹராமும் ஆகும் மச்சான். மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நிர்ப்பந்தம் அவனுகளுக்கு. எனக்கென்ன நிர்ப்பந்தம்? எனக்கு முட்ட இருந்திச்சே."

போகும்போது, "அப்ப அவன்கிட்டயே கேளுங்க. நான் தந்து என்ன?" என்றார். வேலிக்காரன் வீட்டுக்கே போனவர் சொல்கிறார்.

ஜூலை 14, திங்கள்

மெக்கானிக் வந்தான். வால்வு இல்லாமல் வந்தான். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

கோழியைப் பள்ளி மோதினார் வந்து அறுத்தார். ரிஸானா என் இடது கையைப் பார்த்தாள். புரியாணி நன்றாக வந்தது என்றார்கள். ஹாஜியார் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். சகன் தட்டைச் சுற்றி இருந்தவர்கள், "ஆக்கினவரும் உக்காருங்க" என்று பிடித்து இழுத்தார்கள். உட்கார்ந்தேன். ஹலாலான கோழி, வயிறு நிறையத் தின்றேன். வெட்கம் பசியைக் கெடுக்கும் என்பதெல்லாம் சும்மா.

எல்லாரும் போனபின் தோட்டத்துப் பக்கம் போய் யூனுஸுக்குப் பேசி அனுப்பினேன். பெட்டியில் முத்திரை இல்லை, தெரிந்துகொண்டே சொன்னேன், மாப்புத் தா என்று. அரபில் அந்த வசனம் சரியாக வரவில்லை. மூன்று தரம் அழித்து அழித்துப் பேசினேன்.

மஃரிப் தொழுகைக்கு முன் பதில் வந்தது. கோபம் இல்லாத குரல்.

"நவாஸ், பாதை பூட்டிய கிழமையே எங்களுக்குத் தெரியும். வயிற்றுப்புண்காரன் இவ்வளவு மிளகாய் தின்னமாட்டான். ஆனால் பசி. நீ முஸ்லிம், நீ ஹலால் என்று சொன்னாய். பாவம் உன் கழுத்தில் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். உன்னிடம் தினமும் கேட்டது அதற்குத்தான். புதியவன் தெரியாது என்கிறான், அவன் கழுத்தில் எதைக் கட்டுவது? நீதான் எங்களுக்கு மாப்புத் தரவேண்டும். தந்துவிட்டு வா."

மனேஜருக்கு வரமாட்டேன் என்று எழுதி அழித்தேன். வருகிறேன் என்று எழுதி அதையும் அழித்தேன். நான் போகாவிட்டால் அவர்களுக்கு ரொட்டி. போனால் கோழி.

யூனுஸின் குரலைத் திரும்பவும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ரிஸானா சட்டியோடு வந்து நின்றாள். அரபு அவளுக்கு விளங்காது.

"யூனுஸ் தானே? என்னவாம்?"

"வரச் சொல்றான்."

"பாத்தீங்களா," என்றாள், "உங்கள்ல அவங்களுக்கு எவ்வளவு நம்பிக்க."