அம்மாவுக்குப் பத்தியம் முடிந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கேயும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா கட்டிலுக்குக் கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

நீ சொன்னபடியேதான் இத்தனை மாதமும் செய்தேன். வாரம் முழுக்க என்ன சமைப்பது என்று முதலிலேயே முடிவு பண்ணிட்டுக் கடைக்குப் போங்கப்பா, பசியோடு போகாதீங்க, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளாதீங்க என்றாய். காலமெல்லாம் லாரி ஓட்டிக் கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் தின்றவன் நான், அவரைக்கும் பீன்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் காய்கறிக்காரம்மா முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை வாங்கிய கீரை பாதி அழுகல், அதைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தேறிவிட்டேன். விலை இறங்குகிற சாயங்கால நேரமாகப் பார்த்துப் போவேன், எது மலிவாக வருகிறதோ அதை வைத்தே சமையலை யோசிப்பேன். காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பைக் கண்ணில் மட்டும் காட்டிச் சமைத்தேன். அவள் சிறுநீரகத்துக்கு ஆகாதென்று உருளைக்கிழங்கு, தக்காளி, வாழைப்பழம் எதுவும் வாசற்படி ஏறவில்லை. அவள் சாப்பிட்டதையே நானும் சாப்பிட்டேன், என் தொப்பை கரைந்ததுதான் மிச்சம்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டயாலிசிஸை அவள் இதயம் தாங்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், உனக்குத் தெரியும். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனிமே பத்தியம் எதுவும் வேணாங்க, அவங்க ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். நான் ஒரு மடையன், அம்மா தேறிவிட்டாள் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் என் கையை விடாமல் நின்றார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போய், அம்மாவுக்குப் பத்தியம் முடிந்துவிட்டது என்று காய்கறிக்காரம்மாவிடம் சொன்னேன். நல்ல சேதி சொன்னீங்கண்ணே என்று அந்தம்மா நிறுத்த உருளைக்கிழங்குக்கு மேல் சும்மாவே இரண்டு தக்காளியும் போட்டது. அந்தம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் டாக்டர் முகத்தில் அது இல்லாதது எனக்கு உறைத்தது. எதையும் திருத்திச் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். உருளைக்கிழங்கை உப்புக் காரம் போட்டு மொறுமொறுவென்று வறுத்துத் தட்டில் வைத்தேன். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் கைய விரிச்சிட்டாரா?" என்றாள். அடுப்பை அணைப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு துண்டு தின்றிருந்தாள், மூன்றாவதுக்குக் குமட்டிவிட்டது. தின்னலாம் என்று விட்ட நேரத்தில் தின்கிற ஆசையே போய்விட்டது பார்.

நேற்று வழக்கம்போல் என்னென்ன வாங்குவது என்று கேட்டுக் கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தாள், காய் கால் கிலோ போதும், பால் ஒரு பாக்கெட் போதும் என்று. நமக்கு எப்படிப் பத்தும் என்றேன். "நமக்கில்லங்க, உங்களுக்கு. ஒத்த ஆளுக்கு வாங்கிப் பழகிக்குங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பேருக்குத்தான் வாங்கி வந்தேன். பாதி வீணாகத்தான் போகும், போகட்டும்.

லீவு கேட்டுப் பார், கிடைக்காவிட்டாலும் வா. அவள் எதிரில் அழாதே. வேலை வேலையென்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீயும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து நெடுங்காலம் சாப்பிட வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

உன் அப்பா