உன் நினைவுக் கூட்டத்தில் நான் விலை கேட்ட பை

என் அன்புத் தம்பி சேவியருக்கு,

கனடாவின் கேப் பிரெட்டனிலிருந்து தாராவிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அங்கே நான் நடந்துகொண்ட விதத்தை உன்னிடம் சொல்லாமல் நம் தோல் பட்டறையில் உட்கார முடியவில்லை.

விசா கிடைத்து நான் வருவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்காகவே அந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள் மாதா கோயில் ஹாலில் மறுபடி கூடினார்கள். மீன் ஆலையில் உன்னோடு வேலை பார்த்தவர்கள். ஸ்காட்லாந்திலிருந்து முன்னோர்கள் கொண்டுவந்த கெல்டிக் பாட்டை இன்னும் விடாதவர்கள். உன் சிநேகிதர் டங்கன் உனக்காக பேக்பைப் ஊதினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண் எங்கே இருந்தது தெரியுமா? அந்தக் குழலுக்குக் காற்றடைக்க அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த தோல் பையில்.

ஊதி முடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அந்தப் பையை வாங்கித் திருப்பினேன். தையலை நகத்தால் கீறினேன். "என்ன விலைக்கு வாங்கினீர்கள்? பாதி விலைக்கு நான் தருகிறேன். இந்த ஊரில் எத்தனை பேர் ஊதுகிறார்கள்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு, விசிட்டிங் கார்டையும் நீட்டிவிட்டேன்.

டங்கன் கோபப்படவில்லை. "இது சேவியர் தைத்தது. இந்த ஊரில் எல்லாருக்கும் அவன்தான் தைத்தான். காசு கொடுத்தால் வாங்கமாட்டான்," என்றார்.

உன் தையலை எனக்கு அடையாளம் தெரியவில்லை, தம்பி. ஒரே பலகையில் உட்கார்ந்து தொழில் கற்றவர்கள் நாம். ஊசியை விட்டுவிட்டு ரேட் பேசுகிறவனாக நான் மாறி எத்தனை காலம் ஆயிற்று?

வீட்டில் உன் மதினியிடம் சொன்னேன். "நல்லவேளை, அடக்கத்துக்குப் போய்ச் சேரல. சவப்பெட்டிக்கும் ரேட் கேட்டிருப்பிய," என்றாள்.

நேற்று டங்கன் போன் செய்தார். பேத்திக்கு ஒரு பை வேண்டுமாம். "ரேட் என்ன?" என்று அவரே கேட்டார். கேலியா, மரியாதையா? எதுவானாலும், உன் அண்ணனிடம் கேட்கிற மாதிரி அவர் கேட்கவில்லை. வியாபாரியிடம் கேட்டார்.

ரேட் சொல்லவில்லை. வேலையைப் பட்டறை ஆட்களிடமும் கொடுக்கவில்லை. தோலை நானே வெட்டினேன். முதல் தையல் கோணியது, பிரித்துவிட்டேன். காற்றுக் கசியாமல் வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைப்பேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அண்ணனாக ஒரு தடவை அந்த ஊருக்கு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு பிறந்த,
அந்தோணி அண்ணன்
தாராவி